தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம், மனசில் எழுதினோமா?

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமா இந்த இடத்தில் நின்று சேமிப்பு, உள்கடன், தவணை, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். யோகாவைப் பற்றிப் பேசப் போகிறோம். உடனே யாரும் பயந்துவிட வேண்டாம். காலை மடக்கு, கையைத் தூக்கு என்று சொல்லப் போவதில்லை. மனசுக்குள்ளே வேரோடிப் போன ஒரு நம்பிக்கையை எப்படி மாற்றுவது? மாற்றினது திரும்ப முளைக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இதற்கு யோக நூல் என்ன வழி சொல்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதைப் பேச வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

போன ஆண்டு விழா உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் குழுவின் பிரதிநிதி அக்கா. பேர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறோம். 14 வருசமாகக் குழுவை நடத்துகிறவர். வங்கிக்குத் தனியாகப் போய் மேலாளர் முன்னால் நின்று கடன் பேசி வாங்கி வருகிறவர். அவர் வீட்டுக்காரர் இறந்து 9 வருசம் ஆகிறது. மைக்கில் பேர் சொன்னதும் எழுந்து வந்தார். மேடைப் படிக்கட்டு வரைக்கும் வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். "நல்ல காரியம்மா, நீங்க ஏத்துங்க, நான் அப்புறம் வர்றேன்" என்று சொல்லி, கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

அந்த மெழுகுவர்த்தியை வாங்கினது வேறு யாருமில்லை, நாங்கள்தான். வாங்கினோம், ஏற்றினோம், போட்டோவுக்கும் நின்றோம். எல்லாரும் கை தட்டினார்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் யாரும் வரச் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் வேறு வேலையாகத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். அதில் ஒரு பக்கம். "கணவரை இழந்த உறுப்பினர்களை எல்லா நல்ல காரியங்களிலும் சமமாக நடத்துவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கீழே 12 பேரின் கையெழுத்து. முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. எழுதினது நம்ம கை. மெழுகுவர்த்தியை வாங்கினதும் அதே கை. அன்றைக்கு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

யோகா என்றால் ஆசனம் மட்டுமா?

அந்தச் சமயத்தில்தான் எங்களில் நாலு பேர் ஒரு யோகா வகுப்புக்குப் போய்வந்தோம். மூட்டு வலிக்கு நல்லது என்றுதான் போனோம். சொல்லிக்கொடுத்த அம்மா ஆசனத்தோடு நிறுத்தாமல், பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தையும் எங்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். 1,500 வருசத்துக்கும் மேல் பழமையான நூல். நான்கு பகுதி. பதிப்பைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள். இதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுவது எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. பெரும்பகுதி மனசைப் பற்றித்தான். நம் தமிழில் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட யோகத்தை விளக்கியிருக்கிறார். அதிலும் ஆசனம் எட்டில் ஒன்றுதான். 2015 முதல் ஒவ்வொரு வருசமும் ஜூன் 21ஆம் தேதி யோகா தினம் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் பேப்பரில் வருவது ஆசனப் படம்தான். மனசைப் படம் எடுக்க முடியாதே!

பெருங்காய டப்பா

நாம் நினைப்பது, செய்வது எல்லாமே மனசில் ஒரு பதிவை விட்டுப் போகிறது. இதற்கு சம்ஸ்காரம் என்று பேர். மண் பாதையில் மாட்டு வண்டி போனால் தடம் விழும். அடுத்த வண்டியும் அதே தடத்தில்தான் இறங்கும். தடம் இன்னும் ஆழமாகும். அப்புறம் வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு அந்தத் தடத்திலேயே போகும். மனசும் அப்படித்தான்.

இந்தப் பதிவுகள் உள்ளே தங்கி இருப்பதற்கு வாசனை என்றும் ஒரு பேர். பெருங்காயம் தீர்ந்துபோன டப்பாவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது, வாசம் மட்டும் போகாது. நமக்கும் அப்படித்தான். சின்ன வயசில் வெளியே கிளம்பும்போது, "அத்தை எதிர்ல வர்றா, கொஞ்சம் உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று சொல்லி வளர்த்தார்கள். சீர்த்தட்டு தூக்கும்போது சித்தியைத் தள்ளி நிற்கச் சொன்னதைப் பார்த்தோம். யாரும் நம்மிடம் காரணம் சொல்லி, விவாதம் பண்ணி இதை மனசில் ஏற்றவில்லை. பார்த்துப் பார்த்து, செய்து செய்து ஏறினது. அதனால்தான் ஒரு நாள் விவாதம் பண்ணி, ஒரு தீர்மானம் போட்டு இதை இறக்க முடியவில்லை.

கோரைப் புல்லும் அவித்த நெல்லும்

யோக நூல் இன்னொன்றும் சொல்கிறது. மனசில் இருக்கும் கெடுதல்கள் நான்கு நிலைகளில் இருக்குமாம். சில நேரம் தூங்கிக் கிடக்கும். சில நேரம் இளைத்துப் போயிருக்கும். சில நேரம் வேறொன்று மேலே வந்ததால் மறைந்து நிற்கும். சில நேரம் முழு பலத்தோடு கிளம்பும்.

நம் வயலில் கோரைப் புல்லைப் பார்த்திருக்கிறோம். கோடையில் கண்ணுக்கே தெரியாது. அழிந்துவிட்டது என்று நினைப்போம். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், குபுகுபு என்று வந்துவிடும். நாம் போட்ட தீர்மானம் மேலே இருந்த புல்லை அறுத்தது, அவ்வளவுதான். ஆண்டு விழா என்று ஒரு மழை பெய்ததும் கிழங்கு முளைத்துவிட்டது. தீர்மானம் தப்பு என்று சொல்லவில்லை. அது முதல் படி. அதோடு நின்றதுதான் தப்பு.

அப்படியானால் முழுசா போகவே போகாதா? யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதின பழைய உரையில் ஒரு உவமை வருகிறது. நெருப்பில் பட்ட விதை முளைக்காது என்பது அது. நமக்குச் சொல்ல வேண்டுமா? அவித்த நெல் முளைக்குமா? பார்க்க நெல் மாதிரியே இருக்கும், ஆனால் நாற்றங்காலில் போட்டால் வராது. பழைய நினைப்பு ஞாபகத்தில் இருக்கும். ஆனால் நம்மை ஆட்டி வைக்காது. அந்த நிலைக்குத்தான் மனசைக் கொண்டுவர வேண்டும். இது ஒரு நாளில் வேகிற நெல் அல்ல.

எதை எதுவாக நினைக்கிறோம்?

கெடுதல்களுக்கெல்லாம் விளைநிலம் எது என்று கேட்டால், அறியாமை என்கிறது நூல். படிப்பறிவு இல்லாததை அது அறியாமை என்று சொல்லவில்லை. ஒன்றை இன்னொன்றாக நினைப்பதையே சொல்கிறது. நிலையில்லாததை நிலையானது என்று நினைப்பது, அசுத்தத்தைச் சுத்தம் என்று நினைப்பது, துன்பத்தை இன்பம் என்று நினைப்பது, தான் அல்லாததைத் தான் என்று நினைப்பது. நூல் இதை உடம்பு, உயிர் என்று பெரிய அளவில் பேசுகிறது. நாம் நம்ம வீட்டு அளவுக்கு எடுத்துக்கொள்வோம்.

ஊர் வழக்கம் நிலையானது என்று நினைக்கிறோம். நம் நாட்டில் விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது 1856இல். சென்னையில் ஆர்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் என்று ஒருவர் இருந்தார். 1886இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்காரவைப்பதுதான் வழக்கம். அவருடைய குடும்பம் அவரைப் படிக்க வைத்தது. 1911இல் பட்டம் வாங்கினார். அதோடு நிற்காமல், தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்காக இல்லம் நடத்தி அவர்களையும் படிக்க வைத்தார். வழக்கம் மலை மாதிரி நிலையானது என்றால் இது நடந்திருக்குமா? வழக்கம் மனுசர் போட்டது. மனுசர் மாற்றலாம்.

இன்னொன்று, தான் அல்லாததைத் தான் என்று நினைப்பது. அக்காவுக்கு ஒரு துக்கம் நேர்ந்தது. அது அவருக்கு நடந்த ஒன்று, அதுவே அவர் இல்லை. அவர் நல்ல கணக்குக்காரர், நல்ல பாட்டுக்காரர், ஒரு மகளுக்குத் தாய். ஆனால் "நான் இப்படிப்பட்டவ, நான் தள்ளித்தான் நிக்கணும்" என்று அவரே நம்பினார் பாருங்கள், அதுதான் ஆழமான தடம். வெளியே இருந்து தள்ளுகிறவரைத் தடுக்கலாம். தன்னைத் தானே தள்ளிக்கொள்கிறவரை எப்படித் தடுப்பது?

செய்தது, செய்ய வைத்தது, சரி என்று இருந்தது

எங்களை ரொம்ப உலுக்கினது இந்தப் பகுதிதான். ஒருவருக்குத் தீங்கு செய்வது மூன்று வகை என்கிறது நூல். தானே செய்வது ஒன்று. இன்னொருவரைச் செய்ய வைப்பது ஒன்று. அடுத்தவர் செய்யும்போது சரி என்று ஒத்துக்கொள்வது ஒன்று. மூன்றுக்கும் பலன் துன்பமும் அறியாமையும்தான் என்று பிரித்துப் பேசாமல் சொல்கிறது.

"நாங்க ஒண்ணும் சொல்லலையே, அவங்களாத்தானே ஒதுங்கினாங்க" என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். இதைக் கேட்ட பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. மெழுகுவர்த்தியை வாங்கினோமே, அது மூன்றாவது வகை.

என்னதான் வழி?

கெட்ட எண்ணம் வரும்போது அதற்கு எதிரான எண்ணத்தை வளர்க்க வேண்டும் என்பது ஒரு வழி. எதிரான எண்ணம் என்றால், வாயால் நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டே இருப்பது அல்ல. இந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும், யாருக்கு வலிக்கும் என்று நின்று யோசிப்பது. நின்று யோசிக்க முதலில் மனசு கொஞ்சம் அடங்க வேண்டும். அதற்குத்தான் மூச்சும் அமைதியும்.

அடுத்தது பயிற்சியும் பற்றை விடுவதும். பயிற்சி வேரூன்ற மூன்று வேண்டும். நீண்ட காலம் செய்ய வேண்டும், இடைவிடாமல் செய்ய வேண்டும், மனசார மதித்துச் செய்ய வேண்டும். இது நமக்குப் புதுசா? குழு ஆரம்பித்த புதிதில் வாரம் 10 ரூபாய், 20 ரூபாய் என்று போட்டோம். "இது என்னத்துக்கு ஆகும்" என்று வீட்டில் சிரித்தார்கள். விடாமல் போட்டோம். இன்றைக்கு அந்தப் பணம் எத்தனை பேரைக் கந்துவட்டியிலிருந்து மீட்டிருக்கிறது! மனசுக்கும் அதே சேமிப்புதான். பற்றை விடுவது என்றால் வீட்டை விட்டுப் போவது இல்லை. "ஊரு என்ன சொல்லும்" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்துவது.

இன்னொரு உவமை நமக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். நாலாவது பகுதியில் ஒரு உழவர் வருகிறார். தண்ணீரைக் குடத்தில் மொண்டு அவர் ஒவ்வொரு பயிருக்கும் ஊற்றுவதில்லை. மடையை வெட்டிவிடுகிறார், தண்ணீர் தானே பாய்கிறது. மாற்றமும் அப்படித்தான். நல்லதைப் புதுசா கொண்டுவந்து ஊற்ற வேண்டியதில்லை. அக்கா மேல் நமக்குப் பிரியம் ஏற்கெனவே இருக்கிறது. தடுப்பு எது என்று பார்த்து எடுத்துவிட்டால் போதும்.

நாங்கள் செய்து பார்த்தது

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கள் குழுவில் சில சின்ன வேலைகள் ஆரம்பித்தோம்.

ஒன்று, வாரக் கூட்டத்தில் வருகைப் பதிவு முடிந்ததும் ஐந்து நிமிடம் அமைதி. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவது. மூச்சைப் பிடித்து நிறுத்துவது கிடையாது. கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எந்த மூச்சுப் பயிற்சியும் செய்ய வேண்டும்.

இரண்டு, அமைதி முடிந்ததும் ஒவ்வொருவரும் மனசுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இந்த வாரம் யாரையாவது தள்ளி வைத்தோமா, தள்ள வைத்தோமா, தள்ளும்போது சும்மா இருந்தோமா? சொல்ல விருப்பமுள்ளவர் சொல்லலாம். சொன்னதை வெளியே பேசக் கூடாது.

மூன்று, கூட்ட விளக்கை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஆளுக்கு ஒரு வாரம் ஏற்றுவது. கல்யாணமானவர், ஆகாதவர், குழந்தை இல்லாதவர், கணவரைப் பிரிந்தவர், இழந்தவர் என்று எந்தப் பிரிவும் இல்லை. பதிவேட்டு எண் மட்டும்தான். ஒருவர் முறை வந்து அவர் ஏற்றவில்லை என்றால், வேறு யாரும் ஏற்றக் கூடாது. அன்றைக்கு விளக்கு இல்லாமலே கூட்டம் நடக்கும்.

12 பேர் என்பதால் அக்காவின் முறை 12 வாரத்துக்கு ஒரு தடவை வரும். முதல் தடவை அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். விளக்கு இல்லாமல் கூட்டம் நடந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். "இருட்டா இருக்கே, ஒரு மாதிரியா இருக்கே" என்று எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அக்காவை யாரும் வற்புறுத்தவில்லை. கட்டாயப்படுத்தினால் அதுவும் ஒரு அதிகாரம்தானே. மூன்றாவது முறை வந்தபோது, யாரிடமும் எதுவும் சொல்லாமல் தீப்பெட்டியை எடுத்தார். ஏற்றினார். "சரி, சந்தாவை எடுங்க" என்றார். அவ்வளவுதான்.

வளைகாப்பு

பெரிய சோதனை அதற்கப்புறம்தான். அக்காவின் மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள், சம்பந்தி வீட்டில். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்ற தாய் எங்கே? அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூட்ட விளக்கை ஏற்றினது வேறு, இது மகள் வயிற்றுப் பிள்ளை விஷயம். "எனக்கு ஒண்ணுன்னா பரவாயில்ல, புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று முந்தின நாள் எங்களிடம் சொல்லியிருந்தார்.

மகள் நிமிர்ந்து பார்த்து, "அம்மா, நீ போடலையா?" என்றாள். சபையில் யாரும் பேசவில்லை. ஆண்டு விழாவில் மெழுகுவர்த்தி வாங்கினவர் எங்களோடுதான் இருந்தார். அவர் எழுந்து வளையல் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கே போய், "அன்னைக்கு உங்க கையில இருந்து வாங்கிட்டோம் அக்கா, இன்னைக்குக் குடுக்கிறோம்" என்றார். அக்கா வந்தார். மகள் கையைப் பிடித்தார். கை நடுங்கியது. இரண்டு வளையல் ஏறியது. மூன்றாவது வளையல் உடைந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறோம். எங்கள் எல்லாருக்கும் நெஞ்சு திக்கென்றது. இத்தனை மாதம் பயிற்சி செய்தவர்கள்தான். உள்ளே இருந்த கிழங்கு ஒரு நொடியில் தலையை நீட்டிவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் அப்பத்தா, எண்பது வயசிருக்கும், திண்ணையோரம் உட்கார்ந்திருந்தவர், "கண்ணாடின்னா ஒடையத்தான் செய்யும். அடுத்ததை எடுத்துப் போடு தாயி" என்றார். அக்கா அடுத்ததை எடுத்துப் போட்டார்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். குழந்தை நன்றாகப் பிறந்ததால்தான் நாம் செய்தது சரி என்று நினைத்தால், பழைய தடத்திலேயே வேறு வண்டி ஓட்டுகிறோம் என்று அர்த்தம். பிரசவத்தில் சிக்கல் வந்திருந்தாலும் அதற்கும் வளையலுக்கும், போட்ட கைக்கும் சம்பந்தம் கிடையாது. ரத்தச்சோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தை இருக்கும் நிலை, இவையெல்லாம்தான் பார்க்க வேண்டியவை. கர்ப்பப் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போவதும், இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுவதும்தான் காப்பு.

முடிந்துவிட்டதா?

இல்லை. குழந்தை பிறக்கிற வரைக்கும் எங்களில் சிலருக்கு ராத்திரியில் அந்த உடைந்த வளையல் ஞாபகம் வந்தது. அக்காவுக்கும் வந்தது என்று பின்னால் சொன்னார். ஆக, பழைய நினைப்பு சாகவில்லை. இளைத்திருக்கிறது. நூல் சொன்ன இரண்டாவது நிலை. இன்னும் அவிக்க வேண்டும். அக்கா இப்போதும் குங்குமம் வைப்பதில்லை. அது அவர் விருப்பம், அதில் நாம் தலையிடவில்லை. நம் வேலை தடுப்பை எடுப்பது, யாரையும் தள்ளிவிடுவது இல்லை.

மனசை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. வீட்டில் அடி விழுந்தால் மூச்சை இழுத்து விட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பல நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது சோம்பலோ பேயோ இல்லை, மருத்துவம் வேண்டிய விஷயம். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். சட்டம், மருத்துவம், சேமிப்பு எல்லாம் வேண்டும். அவற்றோடு மனசுக்குள்ளும் வேலை நடக்க வேண்டும்.

சகோதரிகளே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவின் பழைய தீர்மானங்களை எடுத்து ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். எது பக்கத்தில் மட்டும் இருக்கிறது, எது பழக்கத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பக்கத்தில் மட்டும் இருக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கென்று ஒரு சின்ன வேலையை வாரம் தவறாமல் செய்யுங்கள். பெண் பிள்ளைக்குக் காலேஜ் எதற்கு என்பதாக இருக்கலாம். மாதவிலக்கு நாளில் தனியே உட்கார வைப்பதாக இருக்கலாம். டீக்கடையில் தனி டம்ளர் வைத்த நினைப்பு நம்ம வீட்டுத் திண்ணையில் இன்னும் இருக்கிறதா என்பதாகவும் இருக்கலாம்.

இந்த வருச ஆண்டு விழா வருகிற மாதம். விளக்கேற்ற இந்த முறை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. குழுக்களின் பதிவு எண் வரிசைப்படி ஐந்து பேரைக் கூப்பிடப் போகிறோம். யார் வந்தாலும் நம் கை பின்னால் போகக் கூடாது. யாராவது படிக்கட்டில் நின்றுவிட்டால், அவர் கையிலிருந்து மெழுகுவர்த்தியை வாங்க வேண்டாம். கூடப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.